ஸ்பொன்சர் மறுக்கப்பட்டால்... இரண்டாவது தடவை எப்படிக் கேட்பது?

கனடாவுக்கு வாழ்க்கைத்துணையை அழைக்கும் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதும், பல குடும்பங்கள் அவசரப்பட்டு அதே கோப்பைத் திரும்பவும் அனுப்பிவிடுகின்றன. ஆண்டுக்கணக்கான பிரிவு பல வேளை அந்த அவசரத்தில்தான் தொடங்குகிறது.

ஸ்காபரோவில் அதிகாலை இரண்டு மணி. வெதுப்பகத்தின் பின்கதவடியில் நின்று, மாவு படிந்த விரலால் ஒருவர் கைத்தொலைபேசியில் மின்னஞ்சலைத் திறக்கிறார். இரண்டு பக்கக் கடிதம். சட்டப் பிரிவுகளின் இலக்கங்களைத் தாண்டி ஒரு வசனத்தில் கண் குத்தி நிற்கிறது: இந்தத் திருமணம் உண்மையானது என்று அதிகாரி திருப்தியடையவில்லை. யாழ்ப்பாணத்தில் அப்போது முற்பகல் பதினொன்றரை. அவருடைய இடைவேளை நேரம் தெரிந்து மனைவி வழக்கம்போல வாட்ஸ்அப்பில் அழைக்கிறார். அவர் எடுக்கவில்லை. ஊரறியத் தாலி கட்டிய பெண்ணிடம், "நீ என் மனைவி என்று அவர்கள் நம்பவில்லையாம்" என்று எந்த வாயால் சொல்வது?

ஸ்பொன்சர் மறுக்கப்பட்ட வீடுகளில் முதல் நாள் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. அடுத்த வாரம் ஆலோசனைகள் வரத் தொடங்கும். "படம் காணாதாம், இன்னும் கொஞ்சப் படம் வைச்சுத் திருப்பிப் போடு" என்பார் ஒருவர். "என்ர மச்சானுக்கு ரெண்டாந்தரம் போடச் சரிவந்தது" என்பார் இன்னொருவர். சொல்பவர்கள் எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் பார்க்காமல் இரண்டாவது விண்ணப்பத்தில் கைவைப்பது ஆபத்து. முதல் மறுப்பு ஒரு கேள்வியை எழுப்பியிருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாத இரண்டாவது விண்ணப்பம் முதலாவதன் நகலாகத்தான் வாசிக்கப்படும்.

'அல்லது' என்ற ஒரு சொல்

கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் 2002 ஜூன் 28 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் ஒழுங்குவிதிகளில் 4ஆம் பிரிவுதான் கலியாண மறுப்புகளின் மையம். அது இரண்டு விடயங்களைப் பார்க்கிறது. ஒன்று, குடிவரவு உரிமை பெறுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு திருமணம் செய்யப்பட்டதா? மற்றது, அந்தத் திருமணம் உண்மையானதா?

2010 செப்டம்பர் 30 வரை இந்த இரண்டு குறையும் சேர்ந்திருந்தால்தான் விண்ணப்பம் விழும். அன்று 'மற்றும்' என்பது 'அல்லது' என மாற்றப்பட்டது. இப்போது இரண்டில் ஒன்று போதும். கணவனும் மனைவியும் இன்று மனமொத்து வாழ்ந்தாலும், கலியாண நாளில் முதன்மை நோக்கம் கனடாதான் என்று அதிகாரி முடிவு செய்தால் கதவு மூடும்.

இரண்டுக்கும் காலம் வேறு. திருமணம் உண்மையா என்பது இன்றைய நிலையை வைத்துப் பார்க்கப்படுகிறது. நோக்கம் என்ன என்பதோ திருமணம் நடந்த நேரத்தோடு கட்டப்பட்டது. அதனால்தான் 'இன்னும் கொஞ்சப் படம்' என்ற ஆலோசனை பலருக்குக் கைகொடுப்பதில்லை. மறுத்த காரணம் நோக்கம் என்றால், போன மாதம் எடுத்த படம் நேரடியான பதில் ஆகாது. சம்பந்தம் எப்படி வந்தது, யார் பேசினார்கள், இருவரும் ஏன் சம்மதித்தார்கள் என்ற பழைய கதைக்குத்தான் புதிய சான்று தேவை. பின்னாளைய வாழ்க்கை அந்தக் கதைக்கு வலுச் சேர்க்கலாம். அதற்குப் பதிலாக நிற்க முடியாது.

முப்பது நாளில் ஒரு முடிவு

வெளிநாட்டில் இருக்கும் துணைக்கான குடும்ப வகுப்பு விண்ணப்பம் மறுக்கப்பட்டால், ஸ்பொன்சர் செய்தவர் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். கடிதம் கிடைத்ததிலிருந்து 30 நாள் அவகாசம். மறுத்த அதிகாரி சரியாகத் தீர்மானித்தாரா என்று மட்டும் அங்கே பார்ப்பதில்லை. முன்பு வைக்காத ஆவணங்களையும் இருவரின் வாய்மொழிச் சாட்சியத்தையும் எடுத்து, புதிதாகவே தீர்மானிக்கிறார்கள்.

மற்ற வழி, புதிதாக விண்ணப்பிப்பது. அதற்குக் காத்திருப்புக் காலம் எதுவும் இல்லை; எத்தனை தடவையும் போடலாம். ஆனால் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் போக முடியாது. மேன்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை அதே துணைக்கு இன்னொரு ஸ்பொன்சர் விண்ணப்பம் போட ஒழுங்குவிதி இடம் தராது.

எதைத் தெரிவு செய்வது? விட்டுப்போன ஆவணம், காலாவதியான பொலிஸ் சான்றிதழ், பதில் அனுப்பத் தவறிய கடிதம் போன்ற காரணங்களுக்குப் புதிய விண்ணப்பம் விரைவாக இருக்கலாம். திருமணத்தையே சந்தேகித்த மறுப்பு என்றால் மேன்முறையீடு பெரும்பாலும் வலிமையான வழி. அங்கே கடதாசிக்குப் பதிலாக மனிதர்கள் நேரில் பேசலாம்.

மேன்முறையீட்டில் தோற்றவர், பிறகு அதே துணைக்குப் புதிய விண்ணப்பம் போட்டு, அதுவும் மறுக்கப்பட்டு மறுபடி மேன்முறையீட்டுக்குப் போனால் நிலைமை கடினம். தீர்த்து முடித்த கேள்வியை மறுபடி கிளறுவது நடைமுறைத் துஷ்பிரயோகம் ஆகலாம் என்று பெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு ஒரு கலியாண வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. முடிவையே மாற்றக்கூடிய, முன்பு முயன்றும் கொண்டுவர முடியாதிருந்த சான்று இருந்தால்தான் கதவு திறக்கும். ஆகவே முதல் மேன்முறையீட்டை அரைகுறை ஆயத்தத்தோடு நடத்துவது பெரும் இழப்பு.

பிள்ளைகள் இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. துணையின் முந்திய திருமணத்துப் பிள்ளை 22 வயதுக்குக் கீழே இருந்தால் கூடவே சேர்க்கலாம். அந்த வயது, முழுமையான விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளில் பூட்டப்படுகிறது. மேன்முறையீடு வென்றால் பழைய நாளே நிற்கும். புதிய விண்ணப்பம் போட்டால் வயது புதிய நாளிலிருந்து எண்ணப்படும். முதல் தடவை இருபத்தொரு வயதாக இருந்த மகன் இரண்டாவது தடவை பட்டியலிலிருந்தே விழுந்துவிடலாம். தாய்க்கு வீசா வரும். மகன் ஊரில் நிற்பான்.

பெட்டிச் செய்தி: நாட்களும் டொலர்களும்

- மேன்முறையீடு: மறுப்புக் கிடைத்ததிலிருந்து 30 நாள். பதிய வேண்டியவர் ஸ்பொன்சர் செய்தவர்; துணை அல்ல.
- மேன்முறையீட்டிலும் தோற்றால்: பெடரல் நீதிமன்றத்தில் அனுமதி கேட்க 15 நாள்.
- கனடாவுக்குள் இருந்தபடி 'உள்நாட்டு வகுப்பில்' போட்டு மறுக்கப்பட்டால்: மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமை இல்லை. பெடரல் நீதிமன்றம் மட்டுமே. அதுவும் 15 நாளுக்குள்.
- தவறான தகவல் தந்ததாகத் தீர்மானித்தால்: 5 ஆண்டுத் தடை.
- 2024 ஏப்ரல் 30 அன்று உயர்ந்த கட்டணம்: ஸ்பொன்சர் 85, பரிசீலனை 545, வதிவிட உரிமை 575, மொத்தம் 1,205 டொலர். துணையின் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் திரும்பக் கிடைப்பது வதிவிட உரிமைக் கட்டணம் மட்டுமே.
- துணையை அழைக்க, பெரும்பாலான குடும்பங்களுக்குக் குறைந்தபட்ச வருமான எல்லை இல்லை. ஆனால் இயலாமைக் காரணம் தவிர்ந்த சமூக உதவிப் பணம் பெறுபவர் ஸ்பொன்சர் செய்ய முடியாது.

சந்தேகம் எங்கே முளைக்கிறது?

நம்மவர்களின் கலியாணங்களில் எங்களுக்கு இயல்பாகத் தெரியும் பல விடயங்கள் அதிகாரியின் மேசையில் வினோதமாகத் தெரிகின்றன.

முதலாவது, கலியாணம் நடந்த இடம். அகதியாக ஏற்கப்பட்டு நிரந்தர வதிவிடம் பெற்றவர், குடியுரிமை எடுக்கும் முன் இலங்கைக்குப் போவது ஆபத்து. 2012 டிசம்பருக்குப் பிறகு, சொந்த நாட்டின் பாதுகாப்பை மறுபடி நாடினார் என்று தீர்மானித்தால் அகதி நிலையோடு வதிவிட உரிமையையும் பறிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதனால் பலர் திருச்சியிலோ சென்னையிலோ தாலி கட்டுகிறார்கள். பெண் வீட்டார் சிலர் மட்டும் விமானமேறி வருவார்கள். மாப்பிள்ளையின் தாய்க்குக் கடவுச்சீட்டுச் சரிவராது. படத்தில் மொத்தம் பன்னிரண்டு பேர் நிற்பார்கள். 'வழமையாக இருநூறு பேர் கூடும் சமூகத்தில் இது ஏன் இவ்வளவு சிறிய திருமணம்?' என்று குறிப்பில் ஏறும். இரண்டு பக்க விளக்கக் கடிதமும் தாயின் சத்தியக் கடதாசியும் முதல் விண்ணப்பத்திலேயே போயிருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது.

இரண்டாவது, பணம். மாதாமாதம் மனைவிக்குக் காசு போகிறது; ஆனால் உண்டியலில் போகிறது. பற்றுச்சீட்டு இல்லை. மனைவியின் வங்கிக் கணக்கில் தடயமும் இல்லை. கோப்பை வாசிப்பவர் காண்பது, மனைவிக்கு ஒரு சதமும் அனுப்பாத கணவனை.

மூன்றாவது, வேகம். குறிப்புப் பார்த்து, பொருத்தம் சரி என்று தரகர் சொல்லி, மாப்பிள்ளைக்கு மூன்று வாரம்தான் லீவு என்பதால் பத்தாம் நாள் கலியாணம். பேசிச் செய்யும் திருமணத்தை அந்தச் சமூகத்தின் வழமையை வைத்தே எடைபோட வேண்டும் என்பது கனடா நீதிமன்றங்களின் நிலைப்பாடு. ஆனால் வழமையை எடுத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. வழமையிலிருந்து விலகிய இடத்தில் அந்தப் பொறுப்பு இன்னும் கூடும். பெண்ணுக்கு வயது கூட, ஒருவருக்கு இது மறுமணம், துணைக்கு முன்பு ஒரு வீசா மறுக்கப்பட்டிருக்கிறது: இவற்றில் எதையும் மறைக்க வேண்டியதில்லை. ஏன் என்று சொன்னால் போதும். மறுமணம் செய்த பெண்ணுக்கு விமரிசையாகக் கலியாணம் வேண்டாமென்று அவருடைய தகப்பன் நினைத்திருக்கலாம். அந்தத் தகப்பனே ஒரு கடிதத்தில் அதை எழுதித் தரலாம்.

முதலில் குறிப்பை வாங்குங்கள்

மறுப்புக் கடிதம் பெரும்பாலும் அச்சில் வார்த்த வசனங்கள். உண்மையான காரணம் அதிகாரி கணினியில் பதிந்த குறிப்புகளில் இருக்கிறது. தகவல் பெறும் சட்டத்தின் கீழ் 5 டொலர் கட்டி அந்தக் குறிப்புகளைக் கேட்கலாம். கனடாவில் இருக்கும் ஸ்பொன்சர், துணையின் எழுத்துச் சம்மதத்தோடு விண்ணப்பிக்கலாம். சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும்; தாமதமும் ஆகலாம். அதனால் மேன்முறையீட்டை முதலில் பதிந்து உரிமையைக் காத்துக்கொண்டு, குறிப்பைப் பிறகு எதிர்பார்ப்பதே புத்தி.

குறிப்புக் கையில் வந்ததும் அதைப் பத்தி பத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு சந்தேகத்துக்கும் எதிரே ஒரு பதிலையும் அதற்கான ஆவணத்தையும் எழுத வேண்டும். உதாரணத்துக்கு, நேர்முகத்தில் மனைவி "அவர் கடையில் வேலை" என்றார். விண்ணப்பத்தில் 'களஞ்சிய மேற்பார்வையாளர்' என்று இருக்கிறது. அதிகாரிக்கு இது முரண்பாடு. கணவர் வேலை மாறிய திகதியையும் இரண்டு வேலை வழங்குநர்களின் கடிதங்களையும் வைத்தால் முரண்பாடு கரைந்துவிடும். அதைத் தொடாமல் நாற்பது புதிய படம் வைத்தால், புதிய அதிகாரி பழைய குறிப்பைத் திறந்து அதே முரண்பாட்டைத்தான் மறுபடி காண்பார். முதல் கோப்பு அழிவதில்லை. இரண்டாவது விண்ணப்பத்தின் ஒவ்வொரு திகதியும் முதலாவதோடு ஒப்பிடப்படும். முதலாவதில் ஒரு பிழை இருந்தால் அதைச் சத்தமில்லாமல் திருத்தாமல், 'முன்பு இப்படி எழுதியது தவறு, காரணம் இது' என்று வெளிப்படையாகச் சொல்வதே பாதுகாப்பு.

பெட்டிச் செய்தி: இரண்டாவது கோப்பில் என்ன இருக்க வேண்டும்?

- மறுப்பின் ஒவ்வொரு காரணத்துக்கும் வரிசையாகப் பதில் சொல்லும் கடிதம்.
- சம்பந்தம் பேசிய கதை: தரகர் அல்லது உறவினரின் சத்தியக் கடதாசி, குறிப்புப் பொருத்தம், முதல் உரையாடல்களின் பதிவு.
- மறுப்புக்குப் பிறகும் தொடர்ந்த உறவு: பயணச் சீட்டுகள், கடவுச்சீட்டு முத்திரைகள், ஒன்றாகத் தங்கிய இடத்தின் பற்றுச்சீட்டு.
- வங்கி வழி அனுப்பிய பணம்; காப்புறுதியிலும் ஓய்வூதியத்திலும் துணையின் பெயர்.
- தொடர்பாடல்: ஆயிரம் பக்கம் வேண்டாம். ஆண்டு முழுவதையும் காட்டும் மாதிரிகள், தமிழ்ப் பகுதிகளுக்கு அத்தாட்சிப்படுத்திய மொழிபெயர்ப்போடு.
- இருவருக்கும் பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். திருமணம் உண்மையானது என்பதற்கு நீதிமன்றங்கள் பெரும் எடை கொடுக்கும் சான்று இது.

விசாரணை நாளில்

மேன்முறையீட்டு விசாரணைகள் இப்போது பெரும்பாலும் காணொளி வழியாகவே நடக்கின்றன. கணவர் சாட்சியம் சொல்லும்போது மனைவி கேட்டுக்கொண்டிருக்க முடியாது. பிறகு அவருடைய முறை. அதே கேள்விகள் மறுபடி வரும்: கலியாணத்தன்று கோயிலுக்கு யாருடைய வாகனத்தில் போனீர்கள்? மாமியாருக்கு என்ன வருத்தம்? கணவர் எத்தனை மணிக்கு வேலைக்குப் போவார்? வீட்டு வாடகை எவ்வளவு, கூட இருப்பது யார்? கனடாவுக்கு வர முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?

பாடமாக்கிய பதில் இங்கே காட்டிக்கொடுத்துவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன சாட்சி நம்பப்படுகிறார். ஊகித்துச் சொன்னவர் மாட்டிக்கொள்கிறார். நம் பெண்கள் பலர் அதிகாரியின் முன் குரல் தாழ்த்தி, ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லப் பழகியவர்கள். அடக்கம் அங்கே அறியாமையாகப் பதிவாகிறது. ஆயத்தம் என்பது பதில்களை ஒப்பிடுவது அல்ல. தன் வாழ்க்கையைத் தன் சொல்லில் தயங்காமல் விரித்துச் சொல்லப் பழகுவதே ஆயத்தம்.

வென்ற அன்றே வீசா வந்துவிடாது. கோப்பு மீண்டும் வீசா அலுவலகத்துக்குப் போகும். காலாவதியான மருத்துவப் பரிசோதனையும் பொலிஸ் சான்றிதழும் புதிதாக எடுக்கப்படும்.

காரணம் வேறாக இருந்தால்

எல்லா மறுப்பும் கலியாணத்தைச் சந்தேகிப்பதில்லை. அகதியாக வந்தபோது ஊரில் இருந்த மனைவியையோ பிள்ளையையோ சொல்லாமல் விட்டவர்கள் உண்டு. பயத்தில், அல்லது முகவரின் பேச்சைக் கேட்டு. பரிசோதிக்கப்படாத அந்த உறவினர் குடும்ப வகுப்பிலிருந்தே விலக்கப்படுகிறார். 2019 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய சிறப்புக் கொள்கை ஒன்று, அகதிகளாகவும் ஸ்பொன்சரிலும் வந்தவர்களில் இப்படிச் சிக்கிய சிலருக்கு வழி திறந்தது. உங்கள் நிலைமை அதற்குள் வருமா, கொள்கை இப்போது நடப்பில் உள்ளதா என்பதைச் சட்டத்தரணியிடம் உறுதிசெய்யுங்கள்.

2015 ஜூன் 11க்குப் பிறகு, ஒருவர் நேரில் இல்லாமல் தொலைபேசியிலோ இணையத்திலோ நடந்த திருமணம் ஸ்பொன்சருக்குச் செல்லாது. அதற்கு மேன்முறையீடு செய்வதைவிட, நேரில் போய்ச் சட்டப்படி மணம் முடித்துப் புதிதாகப் போடுவதே நேர்வழி.

மிகக் கடினமானது பாதுகாப்புக் காரணம். விடுதலைப் புலிகளை கனடா 2006 ஏப்ரலில் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. 'உறுப்பினர்' என்பதற்குச் சட்டம் விரிந்த பொருள் தருகிறது. ஒரு காலத்தில் இயக்கத்தின் நிர்வாக வேலை செய்தவரும் அதற்குள் வரலாம். இந்தக் காரணத்தில் மறுத்தால் மேன்முறையீட்டுப் பிரிவின் கதவே கிடையாது. பெடரல் நீதிமன்றம், அமைச்சரின் நிவாரணம் போன்ற நீண்ட வழிகள்தான். கட்டாயத்தால் சேர்க்கப்பட்டவர் அதை முதல் நாளே சான்றோடு சொல்ல வேண்டும். மறைத்து எழுதச் சொல்பவர் உங்கள் நண்பர் அல்ல.

காத்திருக்கும் பெண்ணின் கணக்கு

துணைக்கான விண்ணப்பத்துக்கு ஓராண்டு என்பது கனடாக் குடிவரவுத் திணைக்களம் தனக்கு வைத்த இலக்கு. மறுப்பும் மேன்முறையீடும் அதன்பின் பரிசீலனையும் சேர்ந்தால் அது பல ஆண்டுகளாக நீள்கிறது. அந்த ஆண்டுகளின் பாரம் இருவர் மேலும் ஒரேயளவாக விழுவதில்லை.

கணவருக்கு வேலை, வாடகை, இரண்டு நாட்டுச் செலவு. மனைவி தாய் வீட்டில். "இன்னும் கூப்பிடேல்லையோ பிள்ளை?" என்று கோயிலில் கேட்பார்கள், கடையில் கேட்பார்கள். இன்றோ நாளையோ போய்விடுவார் என்ற எண்ணத்தில் நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்காமல், படிப்பைத் தொடராமல் விட்ட பெண்கள் எத்தனையோ பேர். பிள்ளை எப்போது பெறுவது என்பதும் கோப்பைப் பார்த்தே தீர்மானமாகிறது. மறுப்பு வந்ததும் "நேர்முகத்தில அவள்தான் பிழையாச் சொல்லிப்போட்டாள்" என்று பழி முழுவதும் அவர் தலையில். புகுந்த வீட்டார் முகம் கொடுத்துப் பேசாத நிலைக்கும் போகிறது. அதே நேரத்தில், இருவருக்கும் இடையில் அழைப்புகள் குறைந்தால் அந்தக் குறைவே அடுத்த விசாரணையில் எதிர்ச்சான்றாகிறது.

தகப்பன் கனடாக் குடிமகனாகிய பிறகு பிறந்த பிள்ளை, பெரும்பாலும் பிறப்பிலேயே கனடாக் குடிமகன். பிள்ளைக்குக் கனடாக் கடவுச்சீட்டு; தாய்க்கு மறுப்புக் கடிதம். கைக்குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து அனுப்புவதா, தகப்பன் முகத்தைத் திரையில் மட்டும் காட்டி வளர்ப்பதா என்று முடிவெடுக்கும் நிலைக்கு ஒரு குடும்பம் தள்ளப்படுவது பெரும் அநியாயம்.

உறுதி தருபவர்களிடம் கவனம்

'நூறு வீதம் எடுத்துத் தருவன்' என்பவரிடம் போகாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு உங்களுக்காகச் செயற்படச் சட்டத்தரணிகள், சட்டச் சங்கத்தின் அனுமதி பெற்ற துணைச் சட்டத்தரணிகள், கியூபெக் நொத்தாரிசுகள், உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்கள் ஆகியோருக்குத்தான் அனுமதி. ஆலோசகர்களைக் கட்டுப்படுத்தும் கல்லூரி 2021 நவம்பரில் இயங்கத் தொடங்கியது. அதன் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். முகவர் எழுதிய பொய்க்கும் கையெழுத்திட்டவரே பொறுப்பு. ஐந்தாண்டுத் தடை வந்தால் அது உங்கள் துணையின் பெயரில்தான் வரும்.

கேட்க வேண்டியவையும் செய்ய வேண்டியவையும்

போலிக் கலியாணங்கள் நடப்பது உண்மை. அவற்றைத் தடுக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. ஆனால் மறுப்புக்கான முழுக் காரணத்தையும் கடிதத்தோடு இணைத்துத் தராமல், 30 நாள் கெடுவுக்குள் குடும்பங்களை இருட்டில் முடிவெடுக்க வைப்பதற்கு நியாயம் இல்லை. அதிகாரியின் குறிப்பு மறுப்போடு சேர்ந்தே வர வேண்டும். இதைக் கனடாத் தமிழர்கள் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் உரத்துக் கேட்கலாம். வாக்குக் கேட்டு அவர்கள் எங்கள் மண்டபங்களுக்கு வரும்போதே கேட்கலாம்.

எங்கள் பக்கத்திலும் வேலை இருக்கிறது. கலியாணத்துக்கு மண்டபம் பதிவதற்கு முன் விண்ணப்பத்தில் கேட்கப்படும் கேள்விகளை இரு வீட்டாரும் ஒருமுறை வாசிக்கட்டும். உண்டியலை விட்டு வங்கிக்கு மாறட்டும். மறுப்பு வந்தால் அதை வெட்கக்கேடாக மூடிவைக்காமல், வந்த அன்றே மனைவியிடம் சொல்லி, திகதியைக் குறித்து, சட்டத்தரணியிடம் போகட்டும். உண்மையான கலியாணம் செய்தவர்கள் இரண்டாவது தடவை கேட்கக் கூசத் தேவையில்லை. முதல் தடவை சொல்லாமல் விட்டதை இந்தத் தடவை முழுமையாகச் சொல்ல வேண்டும், அதையும் முப்பது நாளுக்குள் தொடங்க வேண்டும்.